பலகையில் ஏழாவது பெயர்

எங்கள் சபைப் பெண்களுக்கு ஜெபிக்கத் தெரியாது என்று நான் ஒரு காலத்தில் முடிவு கட்டியிருந்தேன். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. தென்காசியில் மிஷன் பெண் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. வாதத்தில் வலப்பக்கம் விழுந்து படுக்கையில் கிடந்த அம்மாவோடு, கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தேன். கோயில் என்று நான் சொல்வது எங்கள் ஓட்டுக் கூரை ஆலயத்தை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வாயில் அது கோயில்தான்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் பெண்கள் உபவாச ஜெபத்துக்குக் கூடுவார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து, முழங்கால் போட்டு, எல்லாரையும் ஆசீர்வதியும், எல்லாப் பிணியாளிகளையும் சுகப்படுத்தும், எல்லாப் பிரயாணிகளையும் காத்தருளும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, புடவையைத் தட்டிக்கொண்டு சோறு பொங்கப் போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் எழுந்து நின்று கேட்டே விட்டேன். "கடைக்குப் போய் எல்லாத்தையும் குடுன்னு கேட்டா கடைக்காரன் எதைப் பொட்டலம் கட்டுவான்? பேரைச் சொல்லிக் கேட்க வேண்டாமா?" என்றேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஓரம் உடைந்து ஒதுக்கிப் போட்டிருந்த கரும்பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, கோயிலின் தென்பக்கச் சுவரில் மாட்டினேன். பத்து வரி எழுத இடம் இருந்தது. யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர்கள் பெயர் அதில் வரும். வெள்ளிக்கிழமை நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் மன்றாடுவார்கள். வீட்டில் தினமும் ஜெபிக்கவும் ஒரு வழி செய்தேன். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, வாரம் ஒருமுறை கோயில் பெட்டியில் கொட்டுவது எங்கள் சபைகளில் எப்போதும் உள்ள வழக்கம். அந்தப் பிடியைப் போடும்போது பலகையில் உள்ள ஒரு பெயரைச் சொல்லிப் போட வேண்டும் என்றேன். ஆளுக்கு ஒரு பெயர். அதிலும் தன் வீட்டுப் பெயரைத் தான் எடுக்கக் கூடாது. "நம்ம வீட்டுக்குக் கேட்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அடுத்த வீட்டுக்காகக் கேட்டு நிக்கிறதுதான் மன்றாட்டு" என்று பெரிய ஞானி மாதிரிப் பேசினேன்.

அது பிடித்துக்கொண்டது. விஷக் காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளை பிழைத்து எழுந்தது. ஆய்க்குடிப் பக்கம் கோபித்துக்கொண்டு போன ஒரு மருமகள் திரும்பி வந்தாள். கேட்டது கிடைத்தால் அந்தப் பெயரை எல்லார் முன்னிலும் அழித்து ஒரு கீர்த்தனை பாடுவோம். பன்னிரண்டு பேர் இருபதாகி, இருபது நாற்பது ஆனது. உபவாசத்துக்கு வர முடியாதவர்கள் கலயத்தை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். ஜெபத்தில் பெண்களை ஊக்கப்படுத்துகிற வரம் எனக்கு இருக்கிறது என்று ஐயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். எங்கள் சபைக் குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் அழைப்போம். அன்றைக்கு முழுவதும் என் கால் தரையில் பாவவில்லை.

அவர் போட்ட சட்டம் ஒன்றும் இருந்தது. பெயருக்குரிய ஆள் இறந்துபோனால் அந்தப் பெயரை உடனே எடுத்துவிட வேண்டும். இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. அவர்கள் கர்த்தர் கையில் போய்விட்டார்கள், இனி நாம் கேட்க ஒன்றும் இல்லை என்பார். அப்படி ஆனால் நான் முதலில் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். பிறகு யாரும் இல்லாத நேரத்தில் ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். அதனால் வெள்ளிக்கிழமை உள்ளே நுழைகிற ஒவ்வொருத்தியும் முழங்கால் போடுவதற்கு முன் பலகையைத்தான் பார்ப்பாள். தன் வீட்டுப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள்.

பலகை மாட்டி மூன்றாவது வருஷம், சண்டை பர்மா வரைக்கும் வந்துவிட்டிருந்தபோது, ஏழாவது வரியில் ஒரு பட்டாளத்துக்காரன் பெயரை எழுதினேன். செங்கோட்டை ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று பட்டாளத்தில் எடுத்துக்கொண்டார்கள். அவன் பெண்சாதிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அதற்குள் இரண்டு கர்ப்பம் கலைந்திருந்தது. சாரல் காலத்தில் குற்றாலத்துப் பங்களா ஒன்றில் பாத்திரம் கழுவி, துணி துவைக்கிற வேலை. தென்காசியிலிருந்து மூன்று மைல் நடந்து போவாள், நடந்து வருவாள். வருகிறபோது புடவை நனைந்துதான் இருக்கும். மாமனார் மாமியார் இல்லை. கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓலை வேய்ந்த ஒற்றை அறையில் இருந்தாள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. வாசலில் நின்று விரலை மடக்கி வரியை எண்ணுவாள். ஏழாவதில் ஏதோ எழுதியிருக்கிறது என்று கண்டால் சிரிப்பாள். அவளுக்காகவே நான் வரிகளை இடம் மாற்றுவதில்லை. மேலே ஒரு பெயர் போனால் அந்த இடத்திலேயே வேறு பெயரை எழுதுவேன். மூன்றாவது வரியில் என் அம்மாவின் பெயர் இருந்தது. அதை அவள் கேட்டு எடுத்துக்கொண்டாள். நான் ஏழாவதை எடுத்துக்கொண்டேன். அவள் அடுப்பில் என் அம்மாவுக்கு ஒரு பிடி, என் அடுப்பில் அவள் புருஷனுக்கு ஒரு பிடி. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, வரிசையில் நின்று அளந்து வாங்குகிற நாட்களிலும் அவள் கலயம் வெறுமையாக வந்ததில்லை. சோளம் வாங்கித் தின்றுகொண்டு அரிசியைப் போட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பங்குனியில் அவன் பத்து நாள் லீவில் வந்தான். வெள்ளிக்கிழமை அவளோடு கோயிலுக்கு வந்து, பெண்கள் கூட்டமாக இருக்கிறதே என்று வாசலிலேயே நின்றான். அவள் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துவந்து பலகையைக் காட்டினாள்.

"என்ன டீச்சரம்மா, என்னைய ஆஜர் பட்டியல்ல போட்டுருக்கிய? ஒருநாள் வராட்டி பெஞ்சு மேல ஏத்திருவியளோ?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உயரமான ஆள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வான். அவனை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஐயர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு கடிதம் இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் பட்டாளத்தில் அவன் ஐயரின் விலாசத்தைத்தான் கொடுத்திருந்தான். இங்கிலீஷில் அச்சடித்த தாள். நடுவில் விட்டிருந்த இடத்தில் அவன் பெயரையும் நம்பரையும் மட்டும் டைப் அடித்திருந்தார்கள். காய்ச்சலில் இறந்தான், அங்கேயே அடக்கம் செய்தாகிவிட்டது என்று இருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படித்தபோதும் அப்படியேதான் இருந்தது.

"நீங்கதான் டீச்சர் சொல்லணும். நாளைக்குக் காலையில நான் திருவேங்கடம் பக்கம் சபைகளுக்குப் போறேன். வர ரெண்டு வாரம் ஆவும்" என்றார் ஐயர்.

"அவளுக்கு ஆறு மாசம் ஐயா. ஏற்கனவே ரெண்டு போயிருக்கு. இப்பம் சொன்னா இதுவும் நிக்காது."

அவர் யோசித்தார். இரக்கம் இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். "சரி, பிள்ளை பெறந்த பெறவு பக்குவமாச் சொல்லுங்க. ஆனா பேரை எடுத்துருங்க. செத்தவனுக்குச் சபையை ஜெபிக்க வைக்கப்படாது."

"எடுத்தா வெள்ளிக்கிழமையே அவளுக்குத் தெரிஞ்சிரும் ஐயா. வந்ததும் விரலை மடக்கி எண்ணுவா."

அவர் எழுந்து சுவரில் தொங்கிய குடையை எடுத்தார். "ஒங்க மனசாட்சிப்படி செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கடிதத்தை என்னிடமே விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை சாயந்திரம் துணியை நனைத்துக்கொண்டு பலகைமுன் நின்றேன். துணியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்ததே ஒழிய கை மேலே போகவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அவள் பிள்ளைக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை என்பதும் அதில் சரிபாதி இருந்தது.

மறுநாள் காலையில் அம்மாவுக்காக வைத்த உலை கொதித்தது. வழக்கம்போல ஒரு பிடி அரிசியை எடுத்தேன். ஐயர் சொன்னது நினைவுக்கு வந்தது. செத்தவனுக்கு ஜெபிக்கக் கூடாது. கை அரிசியைக் கலயத்தில் போட்டது, வாயை மூடிக்கொண்டேன். அன்று தொடங்கி தினமும் அப்படித்தான் போட்டேன். பலகையில் பெயர் கிடந்தாலும் என் வீட்டு அடுப்படியில் சட்டத்தை மீறவில்லை என்று எனக்கு ஒரு திருப்தி வேறு இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் நான் ஏழாவது பெயரை வாசித்தேன். ஊர் திரும்பிய ஐயர் பலகையைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார். நாற்பது பெண்கள் அவன் உயிருக்காக மன்றாடினார்கள். எந்தப் பெயருக்கும் இல்லாத அழுகை அந்தப் பெயருக்கு வந்தது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், புருஷன் சண்டையில் இருக்கிறான். யாருக்குத்தான் அழுகை வராது? அவனுக்குக் குண்டு படக் கூடாது, காய்ச்சல் வரக் கூடாது, நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். விவரமாகக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான். காய்ச்சல் என்ற வார்த்தை வரும்போதெல்லாம் நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ரயில்வே பாயின்ட்ஸ்மேன் ஒருவரின் மனைவி ஜெபத்தின் நடுவில் எழுந்து நின்றுவிட்டாள். நல்ல மனுஷி; சட்டென்று உணர்ச்சிவசப்படுகிறவள். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "கர்த்தர் எனக்குக் காட்டினாரு. கிறிஸ்மஸுக்குள்ள அவன் ரயில்ல வந்து எறங்குதான். கையில தகரப் பெட்டி இருக்கு. நான் பார்த்தேன்."

கோயிலே அழுதது. என் வாழ்க்கையில் நான் பேசியிருக்க வேண்டிய இடம் அது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், டீச்சர் என்ன சொல்லப்போகிறாள் என்று. நான் ஆமென் என்றேன். நான் சொன்னதால் அது முத்திரை குத்தினது மாதிரி ஆகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து வடகரையிலிருந்து அவளுடைய தாயார் மாட்டுவண்டியோடு வந்தாள். ஏழு மாதம் முடிந்துவிட்டது, பேறுகாலத்துக்கு மகளைக் கூட்டிப்போக வந்திருந்தாள். அங்கே தாயார் இருக்கிறாள், இரண்டு மதினிமார் இருக்கிறார்கள், கைராசியான மருத்துவச்சி அடுத்த வளவு வீட்டில் இருக்கிறாள். அன்று வெள்ளிக்கிழமை. ஜெபம் முடிந்து எல்லாரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவள் வண்டியில் ஏறவில்லை. என்னிடம் வந்தாள்.

"டீச்சரம்மா, நான் போவட்டா, இங்கன இருக்கட்டா? அவிய கிறிஸ்மஸுக்கு வந்து எறங்கும்போது வீடு பூட்டிக் கெடந்தா எப்படி இருக்கும்?"

"அம்மாகூடப் போ" என்றேன். உண்மையாகவே சொன்னேன். ஆனால் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பாயின்ட்ஸ்மேன் மனைவிக்குக் கேட்டுவிட்டது. "நீங்களே இப்படிச் சொன்னா எப்படி டீச்சர்? கேட்டா கெடைச்சிட்டுன்னு நம்பி நடக்கணும்னு நீங்கதான சொல்லித் தந்திய? வருவான்னு நம்புதவ வீட்டைப் பூட்டிட்டுப் போவாளா?" என்றாள். நாலைந்து பேர் ஆமா ஆமா என்றார்கள். நான் இரண்டு மூன்று வருஷமாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அத்தனையும் என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா இரு" என்றேன்.

அவளுடைய தாயார் வண்டியில் கொண்டுவந்த தேங்காயையும் வாழைத்தாரையும் இறக்கி வைத்துவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பிப் போனாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள் போல.

அதற்குப் பிறகு அவள் தினமும் ரயிலுக்குப் போக ஆரம்பித்தாள். காலை வண்டிக்கு ஒருதரம், சாயந்திர வண்டிக்கு ஒருதரம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிளாட்பாரத்தில் நின்று, இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வருவாள். தகரப் பெட்டி வைத்திருக்கிற ஆள் யாராவது இறங்கினால் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடப்பாளாம். பள்ளிக்கூட ஜன்னல் வழியாக அவள் போவதையும் வருவதையும் நான் பார்ப்பேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை எழுந்தேன். ஏழாம் மாதத்தில் சொன்னால் தாங்க மாட்டாள், எட்டாம் மாதத்தில் சொன்னால் ஆபத்து. ஒவ்வொரு மாதத்துக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

கார்த்திகை கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்து சிற்றாற்றில் வெள்ளம் புரண்டது. நாலாம் நாள் பத்து மணி இருக்கும், அவள் பக்கத்து வீட்டுக்காரி நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாள். நான் வகுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். காலை வண்டிக்குப் போனவளுக்குப் பிளாட்பாரத்திலேயே வலி கண்டிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், மழையில் அங்கங்கே சுவரைப் பிடித்து நின்று நின்று வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். முனகல் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்திருக்கிறாள். மருத்துவச்சியைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருவதற்குள் நண்பகல் ஆகிவிட்டது. கூரை நாலு இடத்தில் ஒழுகியது. நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கை எலும்பு நொறுங்கிவிடும் போல அழுத்தினாள். பிள்ளை கால் முன்னால் வந்தது. ஆண் பிள்ளை. அழவே இல்லை.

மருத்துவச்சி அதைப் பழந்துணியில் சுற்றி என் மடியில் வைத்தாள். கனமாக இருந்தது. எட்டரை மாதப் பிள்ளை அவ்வளவு கனம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் கோயில்பிள்ளை, எங்கள் கோயிலில் மணி அடித்துப் பெருக்குகிற கிழவர், கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில் குழி வெட்டினார். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. சட்டி கொண்டு இறைத்து இறைத்துத்தான் வைத்தோம்.

வடகரைக்குச் சொல்லி அனுப்பினேன். வெள்ளம் வடியாததால் அவர்கள் வந்துசேர நாள் ஆயிற்று. அதுவரை நான்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, மத்தியானம் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கஞ்சியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்கவில்லை.

"கிறிஸ்மஸுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. அவியகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? போவும்போதே சொன்னாவ, இந்தத் தடவை பத்திரமாப் பார்த்துக்கோன்னு. நீங்க கூட இருந்து சொல்லுவியளா டீச்சரம்மா? எனக்குச் சொல்ல வாய் வராது" என்றாள்.

அப்போது சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. அவள் அழவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"கடுதாசி எப்பம் வந்திச்சு?"

"புரட்டாசியில."

அவள் விரலை மடக்கினாள். பலகையில் வரியை எண்ணுவதுபோலத்தான் எண்ணினாள். வெள்ளிக்கிழமைகளை எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"இன்னைக்குக் காலையிலகூட ஒங்கம்மா பேரைச் சொல்லித்தான் போட்டேன். எந்திச்சு நிக்க முடியல. பக்கத்து வீட்டுல எடுத்துத் தரச் சொல்லி, கையை நீட்டிப் போட்டேன்." மடக்கிய விரல்களை நிமிர்த்தினாள். "அவிய பேரை நீங்கதான எடுத்திய? அரிசி போடும்போது என்ன சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லல."

"சும்மாவா போட்டிய?"

"சும்மாதான் போட்டேன். இறந்தவங்களுக்குச் சொல்லக் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாத பாடத்தைக் கேட்கிற பிள்ளை மாதிரிப் பார்த்தாள்.

"அவியளுக்குத்தான சொல்லக் கூடாது? எனக்குச் சொல்லியிருக்கலாம்லா டீச்சரம்மா. நான் உயிரோடதான இருந்தேன்."

மூன்று மாதம், தினமும் ஒரு பிடி அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு யார் பெயரையும் சொல்லாமல் நின்றிருக்கிறேன். இரண்டு தெரு தள்ளி வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி தனியாக இருக்கிறாள். அவள் பெயர் என் நாக்கில் ஒருநாளும் வந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் பலகையிலும் அவள் பெயர் ஒருபோதும் இருந்ததில்லை. பட்டாளத்துக்குப் போனவன் பெயர் இருந்தது. அவன் போனபின் இங்கே கிடந்தவளைப் பட்டாளத்துக்காரன் பெண்சாதி என்று மட்டும்தான் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாற்பது பேர் முன்னிலும் நின்று நடந்ததைச் சொன்னேன். கடிதத்தை எடுத்துக் காட்டினேன். ஏழாவது பெயரை அழித்தேன். பாட்டு ஒன்றும் பாடவில்லை. செத்தவனுக்காக எங்களை ஜெபிக்க வைத்துப் பாவத்துக்கு ஆளாக்கிவிட்டீர்களே என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. பாயின்ட்ஸ்மேன் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனவள் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்து வழக்கமான இடத்தில் முழங்கால் போட்டாள். ஐயர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் அப்பமே எடுக்கச் சொன்னேன்லா" என்றார். சொன்னார்தான். அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பாயின்ட்ஸ்மேன் மனைவி மேல் உண்டு. ஆனால் இவர்களையெல்லாம் திட்டி முடித்த பிறகும், கடைசியில் வந்து நிற்பது நான்தான். நாற்பது பெண்கள் வாரந்தோறும் முழங்கால் தேய யாருக்காக மன்றாடினார்களோ அவன் வீட்டில் ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வலியில் கிடந்தாள். அவளுக்குத் துணையாகப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஜெபித்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று இருந்துவிட்டோம்.

ஏழாவது வரியில் அவள் பெயரை எழுதினேன். அதைப் பார்க்க அவள் வரவில்லை. அதற்கு முந்தின நாளே தாயார் வந்து வடகரைக்குக் கூட்டிப் போய்விட்டாள். போகுமுன் அவள் வீட்டுக் கலயத்தைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். பாதி நிறைந்திருந்தது. வருஷம் திரும்புவதற்குள் அண்ணன் ஒருவனோடு ஆரியங்காவுக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று சொன்னார்கள். அந்தப் பக்கம் மலைக் காய்ச்சல் அதிகம்.

பலகையை எடுத்துவிடலாம் என்றேன், ஐயர் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பெயர் வாசிப்பது தொடர்ந்தது. ஒவ்வொரு பெயரையும் வாசித்தபின், "இந்த வாரம் இவங்க வீட்டுக்கு யார் போனிய?" என்று கேட்க ஆரம்பித்தேன். ஒருத்தரும் போகவில்லை என்றால் ஜெபம் முடிந்ததும் நானே எழுந்து போவேன். கூட்டம் மெல்லக் குறைந்து மறுபடி பன்னிரண்டு பேருக்கு வந்தது. சண்டை முடிகிற வருஷத்தில் என் அம்மா இறந்தாள். மூன்றாவது வரியை நானே துடைத்தேன். அந்தப் பெயரைச் சொல்லி எங்கேயோ ஒரு மலைத்தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கிற லயத்தில் இன்னும் ஒரு பிடி விழுகிறதோ என்று அன்றைக்கு நினைத்தேன். அவள் அப்படிப்பட்டவள்தான், அம்மா இறந்த செய்தி அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

இப்போது நான் ஒரு ஆளுக்குத்தான் உலை வைக்கிறேன். ஒரு பிடி எடுத்தால் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். ஆனாலும் எடுத்து, அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் போடுகிறேன். அவள் இருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. செங்கோட்டைக்குச் சாமான் வாங்க இறங்கிவருகிற தோட்டத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை. இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால், ஐயர் போட்ட சட்டப்படி நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒருதரம் மூடியது போதும்.